வெட்டாது விட்ட பாத்தி

கீரை வகைகளுக்கு ஒரு பொல்லாத விதியுண்டு. கத்தரியும் வெண்டியும் பயற்றையும் காய்த்து முற்றித் தம் விதையைத் தாமே நம் கையிற் கொண்டுவந்து தந்துவிடுகின்றன. பறிக்க மறந்த வெண்டிக்காய் ஒன்று செடியிலே காய்ந்து கிடந்தால் அதுவே அடுத்த போகத்துக்கு வித்தாகிவிடும். கீரையின் கதை வேறு. அது பூப்பதற்கு முன்னரே நாம் அதனை வெட்டிவிடுகிறோம். பூத்த கீரை முற்றிய கீரை. முற்றிய கீரை சட்டிக்கு உதவாது என்பது வீட்டுப் பெண்கள் நன்கறிந்த செய்தி. ஆகவே கீரையை விரும்பி உண்ணும் வீடு எதுவோ அந்த வீட்டிலேதான் கீரை விதை இராது. உண்ணாத வீட்டிலே வேலியோரம் தானாய் முளைத்துத் தானாய்ப் பூத்துக் கிடக்கும்!

இதனை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டு அப்பாற் செல்ல நாம் விரும்பவில்லை. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டிலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போயிற்று. 2022 ஆனி மாதத்தில், அரசாங்க ஊழியர் தத்தம் வீட்டில் உணவுப் பயிர் செய்யும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் அரசாங்கம் தீர்மானித்தது. விடுமுறை கிடைத்தது, மண்வெட்டி கிடைத்தது, முற்றத்திலே மண்ணும் கிணற்றிலே நீரும் முன்னரே இருந்தன. விதை எங்கே என்ற கேள்வி எழுந்தபோதுதான் பல வீடுகளில் மௌனம் நிலவிற்று. நம் நாட்டிற் பயிராகும் காய்கறிகளின் விதையிற் பெரும்பங்கு கடல் கடந்து வருவது என்னும் உண்மை அன்றுதான் பலருக்குப் புலப்பட்டது. பளபளப்பான கடதாசி உறையில் வரும் விதை எக்காலத்தும் கடையிலே தொங்கிக் கொண்டிருக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம்.

இவ்வாரம் ஒரே ஒரு கீரையை எடுத்து, அதனை வளர்க்கும் முறையையும், சிறப்பாக அதன் விதையைத் தேடிவைக்கும் முறையையும் விரித்துரைக்கக் கருதுகிறோம். அக்கீரை கங்குன். கொழும்பிலே வாழ்வோருக்கு அறிமுகம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் முளைக்கீரைக்கும் பொன்னாங்காணிக்கும் உள்ள பழைய உரிமை இதற்கு இல்லையாயினும், கங்குன் வறை இப்போது அங்கும் புதிதன்று. இதன் சத்துக்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிள்ளைகளின் பாடநூல்களில் அவை வேண்டுமளவுக்கு உள.

சிங்களப் பெயரால் இதனை அழைத்துப் பழகிவிட்டமையால் இஃது ஏதோ அந்நியச் செடி என்று நினைப்பவர்கள் உளர். உண்மையில் இது நம் இலக்கியங்களிற் பயின்றுவரும் வள்ளையே ஆகும். சங்கப் புலவர்கள் மருத நிலத்துப் பொய்கைகளை வருணிக்குமிடத்து ஆம்பலோடும் தாமரையோடும் வள்ளைக் கொடியையும் சேர்த்துச் சொல்வர். மகளிரின் காதுக்கு வள்ளையை உவமை கூறுதலும் புலவர் மரபு. தமிழ் படிக்கும் மாணவர்கள் இச்சொல்லை உலக்கைப் பாட்டாகிய வள்ளையோடு மாறுகொள்ளாதிருப்பாராக, அது வேறு. தமிழ்நாட்டிலே இன்றும் வள்ளைக்கீரை என்னும் பெயர் வழங்குகின்றது. பெயர் நம்மிடமிருந்து நழுவியதே தவிரச் செடி நழுவவில்லை.

தாவரவியலார் இதனை வற்றாளைக் கிழங்கின் குடும்பத்திற் சேர்ப்பர். பூவைப் பார்த்தவர்கள் அதனை உடனே ஒப்புக்கொள்வர். அதே புனல் வடிவம், அதே வெண்மையும் மென்னீலச் சிவப்பும். ஐப்போமியா அக்குவாட்டிக்கா என்னும் விஞ்ஞானப் பெயரை இதற்கு இட்டவர் போர்ஸ்கால் என்னும் அறிஞர். அவர் 1763 ஆம் ஆண்டிலே யேமன் நாட்டில் ஆராய்ச்சிப் பயணத்தினிடையே நோயுற்று இறந்தார். அவர் எழுதிவைத்த தாவர நூல் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1775 இலே தான் அச்சேறிற்று. சீனரின் பழைய தாவர நூலொன்று இன்னும் சுவையான செய்தியைக் கூறுகின்றது. நாணலைப் பின்னிப் படலாக்கி, அதிலே சிறு துளைகளிட்டு, துளைகளில் இவ்விதையை இட்டு நீரின்மேல் மிதக்கவிடுவார்களாம். தண்டும் இலையும் துளை வழியே மேலெழும். படல் நீரோடு ஏறியும் இறங்கியும் மிதக்கும். தண்டு உள்ளே குழாய் போன்றிருப்பதால் மிதத்தல் இச்செடிக்கு இயல்பு.

இத்துணை நீர் விருப்பமே இதற்குப் பெரும் ஆபத்தாகவும் முடிந்தது. நகர்ப்புறங்களிலே கழிவுநீர் ஓடும் வாய்க்கால்களிலும் சதுப்பு நிலங்களிலும் இது செழித்து வளர்கின்றது. செழிப்பைக் கண்டு மயங்கி மக்கள் வாங்குகின்றனர். கங்குன் தான் நிற்கும் நீரிலுள்ள ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை வேர் வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. இலையின்மேல் ஒட்டிய சேற்றைக் கழுவலாம். உள்ளே சென்ற உலோகத்தை எந்த நீராலும் கழுவ இயலாது. சந்தையிற் கட்டாகக் கிடக்கும் கங்குன் எந்த வாய்க்காலைப் பார்த்து வளர்ந்தது என்பதை அதன் பச்சை நிறம் சொல்லமாட்டாது. ஆகவே கங்குன் உண்ண விரும்பும் குடும்பம் அதனை வீட்டிலேயே வளர்ப்பது நன்று என்பது நமது துணிபு. கிணற்றடியிற் சவர்க்கார நீர் ஓடும் இடம் வாழைக்குப் பொருந்தலாம், கீரைக்கு வேண்டாம்.

வளர்த்தல் எளிது. இதில் இருவகை உண்டு. ஒன்று அகன்ற இலையும் தடித்த தண்டும் உடைய நீர்க் கங்குன். கணுவோடு கூடிய தண்டைச் சேற்றில் ஊன்றினால் வேர் கொள்ளும். மற்றது ஒடுங்கிய இலையுடைய தரைக் கங்குன். இது விதையால் விளைவது, நீர் தேங்கி நிற்க வேண்டும் என்பதில்லை, மண் காயாதிருந்தாற் போதும். விதையை ஓர் இரவும் பகலும் நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்திலே இட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்துக்குள் முளை காணலாம். நான்கு வாரமளவில் முதல் வெட்டு. நிலத்தினின்றும் இரண்டு கணு விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

இவ்விடத்திலே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். தண்டை நட்டாலே தழைக்கும் செடிக்கு விதை எதற்கு? நல்ல கேள்வி. மாரி முழுவதும் தண்டு தழைக்கும் என்பது மெய். ஆனால் யாழ்ப்பாணத்திலே வைகாசி தொடக்கம் ஆவணி வரை வெயில் எரிக்கும்போது, கிணற்று நீர் தாழ்ந்து உவர்ப்பேறும்போது, குடிக்க நீர் இறைப்பதா கங்குனுக்கு இறைப்பதா என்ற நிலை வந்தால் தண்டு அழியும். அதனோடு அவ்வினமும் அவ்வீட்டை விட்டுப்போம். தண்டு தன் நோயையும் தன்னோடு சுமந்து வரும் என்பது மற்றொரு குறை. விதையோ போத்தலுக்குள் நீரின்றி உறங்கும். இன்னும் ஒன்று சொல்லலாம். 1995 ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்தபோது தண்டைச் சாக்கிற் கட்டிக்கொண்டு எவரும் சென்றிருக்க முடியாது. சேலைத் தலைப்பில் விதை முடிந்துகொண்டு போக எந்தக் கிழவிக்கும் முடியும்.

இனி விதைக்கு வருவோம். முதலிலே செய்ய வேண்டியது மனத்தினால் ஆவது. உண்பதற்கு ஒரு பாத்தியும் விதைக்கு ஒரு பாத்தியும் என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடல் வேண்டும். உண்ட பிறகு எஞ்சியதை விதைக்கு விடுவோம் என்பவர் வீட்டில் எதுவும் எஞ்சாது. விருந்தினர் வருவர், சந்தையில் விலை ஏறும், விதைப் பாத்தியிலே தளதளவென்று நிற்கும் தண்டு கண்ணில் விழும். பெரியபுராணத்திலே இளையான்குடி மாற நாயனார் கதையை அறியாதார் யார்? நள்ளிரவில் மழையில் வந்த அடியாருக்கு அமுதளிக்க ஒன்றுமில்லாமையால், அன்று பகலிலே வயலில் விதைத்த நெல்முளையை வாரிவந்தார். கறிக்குத் தோட்டத்திலே முற்றாத இளங்கீரையைப் பறித்தார். விதையும் போயிற்று, கீரையும் போயிற்று. அவ்வடியவரின் அன்பின் எல்லையைக் காட்டச் சேக்கிழார் பெருமான் தேர்ந்தெடுத்த செயல் எது என்பதைச் சற்று எண்ணுக. உழவன் ஒருவன் செய்யக்கூடியவற்றுள் அதனிலும் பெரிய தியாகம் இல்லை. மாகேசுர பூசைக்கு அது தகும். திடீரென வந்த மைத்துனருக்கு வறை செய்ய விதைப் பாத்தியில் கத்தியை வைப்பதற்கு அது மேற்கோள் ஆகாது.

கங்குன் பகற்பொழுது குறுகும் காலத்திலே பூக்கும் இயல்புடையது. நமது தீவு பூமத்திய ரேகைக்கு அணித்தாயிருப்பதால் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் யாழ்ப்பாணத்திலே ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம். நாம் அதனைக் கவனிப்பதில்லை, செடி கவனித்துவிடுகின்றது. ஆகவே விதைக்கென இடும் பாத்தியை ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாதித் தொடக்கத்தில் இடுதல் உத்தமம். பெருமழைக்கு முன் செடி வேரூன்றிவிடும். கீரைப் பாத்தியைப் போல் நெருக்கமாக வேண்டாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி இருக்கட்டும். ஒருமுறை நுனி கிள்ளினாற் கிளை பெருகும். ஐப்பசி பிறந்தபின் கத்தி படக்கூடாது. எருவையும் அதன்பின் மிகுதியாக இடவேண்டாம், இலைதான் பெருகும். கார்த்திகை, மார்கழியிலே பூக்கும். தை, மாசியிலே, மழை ஓய்ந்து வெயில் காயும் வேளையில், காய் முற்றும். காலநிலை இவ்வாறு நமக்கு ஒத்துழைப்பது பெரும்பேறு. மட்டக்களப்புப் பகுதியார்க்கு மட்டும் மழை தையிலும் தொடரக்கூடுமாதலால், பாத்தியின்மேல் ஒரு சிறு பந்தல் வேண்டியிருக்கும்.

பூத்தபின் இச்செடியை நடத்தும் முறை முற்றிலும் மாறவேண்டும். நீரிலே பிறந்து நீரிலே மகிழும் இச்செடியின் காய் நீரிலே கிடந்தால் அழுகும். ஈரநிலத்தில் படர்ந்த கொடியின் காய் முற்றுமுன்னரே பூஞ்சணம் பற்றும். ஆகவே விதைச் செடியை மேட்டுப் பாத்தியிலே வைத்து, கிளுவந்தடியோ மூங்கிலோ நட்டுக் கொடியை மேலேற்றிக் கட்டுதல் வேண்டும். காய் பருக்கத் தொடங்கியதும் நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, காய்கள் மஞ்சளித்ததும் நிறுத்திவிடலாம். பால்குடி மறக்கடிக்கும் தாயின் வேலை போன்றது இது. இலைகள் வாடி நிறம் மாறும். அயலவர் பார்த்து, ஏன் செடியைச் சாகவிட்டீர்கள் என்று கேட்பர். கேட்கட்டும்.

எச்செடியில் விதை எடுப்பது என்பதிலேதான் மிகப் பலர் கவனக் குறைவாயிருக்கின்றனர். எல்லாவற்றுக்கும் முந்திப் பூத்து முந்திக் காய்க்கும் செடி ஒன்று எப்பாத்தியிலும் இருக்கும். அதிலே விதை முதலிற் கிடைப்பதால் அதையே எடுத்து வைத்துவிடுவர். இதன் பயனை ஆராய்வோம். கீரைக்கு நாம் வேண்டுவது என்ன? நெடுநாள் பூவாது, இளந்தண்டாக நின்று, வெட்ட வெட்டத் தழைத்தல். முந்திப் பூக்கும் செடியின் வித்து முந்திப் பூக்கும் பிள்ளைகளையே தரும். ஆண்டுதோறும் இப்படியே செய்து வந்தால் சில தலைமுறைகளில், இரண்டு வெட்டுக்குள் பூத்து நாராகும் கங்குனை நாமே படைத்துவிடுவோம். பிறகு, வீட்டு விதை கெட்டுவிட்டது, கடை விதையே நல்லது என்போம்! கெட்டது விதையன்று, தேர்வு. ஆகவே அவசரப்பட்டுப் பூக்கும் செடியைப் பிடுங்கி அன்றைக்கே வறைக்கு அனுப்புக. தாமதித்துப் பூப்பனவாய், தண்டு மெல்லியனவாய், இலையின் கீழ்ப்புறத்தே வெள்ளைத் துருநோயின் கொப்புளங்கள் இல்லாதனவாய் உள்ள செடிகளில் நிறநூல் கட்டி அடையாளமிடுக. விதைக்கு நிற்பது ஒரு செடியாக இருத்தலாகாது. பத்துப் பன்னிரண்டாவது நின்றால்தான் இனத்தின் பன்மை குன்றாது.

பூ காலையில் விரிந்து நண்பகல் அளவில் வாடிவிடும். தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கவும் வல்லது. எனினும் தேனீயும் வந்து போகும். எனவே இருவகைக் கங்குனை ஒருங்கே பூக்கவிட்டால் கலப்பு நேரக்கூடும். ஒன்று பூக்கும்போது மற்றதை வெட்டி உண்டுகொண்டிருப்பதே எளிய பரிகாரம். பக்கத்து வற்றாளைப் பாத்தியோடு கலந்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை.

பூ வாடி ஒரு மாதத்துக்கு மேலாகியே காய் முற்றும். பச்சைக் காய் மஞ்சளித்துப் பின் கபில நிறமாகி, விரலால் அழுத்தினால் நொறுங்கும் நிலையே எடுக்கும் பருவம். ஒவ்வொன்றினுள்ளும் நான்கு விதை வரை இருக்கும். எல்லாம் ஒரே நாளில் முற்றா. முற்றியவற்றை இரண்டு நாளுக்கொருமுறை பறித்துக் கடகத்திற் சேர்க்க வேண்டும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விடுவது நன்று. அவர்களுடைய கண் கூர்மையானது. சேர்ந்ததும் ஓலைப்பாயிலே பரப்பி, கையாற் கசக்கிச் சுளகிலே புடைத்தால் உமி நீங்கும். மதிய வெயிலில் சீமெந்துத் தரையிலே உலர்த்துவாருண்டு. ஈரமுள்ள விதையைக் கடும் சூட்டில் இட்டால் உள்ளிருக்கும் முளை வெந்துபோகும். காலை வெயிலும் மாலைக் காற்றும் போதும். ஒரு வாரம் ஆகட்டும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத விதையே உலர்ந்த விதை.

நம் முன்னோர் விதையைச் சாம்பலிலே பிரட்டி, வேப்பிலைச் சருகோடு மண்குடத்திலிட்டு, அடுப்புக்கு மேலே புகைபடும் பரணில் வைத்தனர். ஈரத்தையும் வண்டையும் தடுக்கும் உபாயங்கள் இவை. இன்று பரணும் இல்லை, புகையும் இல்லை. அமெரிக்காவிலே விதைகளை ஆராய்ந்த ஹரிங்டன் என்பார் ஒரு எளிய கணக்கைத் தந்துள்ளார். விதையிலுள்ள ஈரம் 1 வீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை சதமளவை குறையுந்தோறும் அவ்வாறே இருமடங்காகும். எல்லையில்லாமல் இக்கணக்கு நீளாது எனினும், வீட்டுக்கு வழிகாட்டப் போதுமானது. வறுத்து ஆறவிட்ட அரிசியிற் கொஞ்சத்தைத் துணியில் முடிந்து போத்தலின் அடியிலிட்டு, மேலே விதையை இட்டு இறுக மூடினால் எஞ்சிய ஈரத்தை அரிசி உறிஞ்சும். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலே ஒரு மூலை. போத்தலை வெளியே எடுத்தால் அதன் குளிர் ஆறுமுன் திறத்தல் கூடாது. காற்றின் ஈரம் விதைமேல் நீராய்ப் படியும். இனமும் ஆண்டும் எழுதிய துண்டொன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைக்குக. வெளியே ஒட்டியது உரிந்துபோவது வீட்டு வழக்கம்.

கன்னொறுவையிலே அரசாங்கம் நாட்டின் பயிர் விதைகளைக் குளிரறையில் வைத்துக் காக்கின்றது. அது வேண்டியதே. ஆயினும் குளிரறையில் உறங்கும் விதை நம் முற்றத்து மண்ணோடும் கிணற்று நீரோடும் ஆண்டுதோறும் பழகுவதில்லை. வீட்டில் விளையும் விதை பழகுகின்றது. எல்லா விதையையும் ஒரே போத்தலில், ஒரே வீட்டில் வைப்பதும் நன்றன்று. எலியும் வெள்ளமும் யாரையும் கேட்டு வருவதில்லை. மாசியிலே விதை சேர்ந்ததும் ஒரு பிடியை அயலில் இரண்டு வீடுகளுக்குக் கொடுத்துவைப்பது வழக்கமாகட்டும்.

கொடுப்பதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கோ மருமகளுக்கோ கடித உறையினுள் கங்குன் விதை வைத்து அனுப்ப வேண்டாம். அந்நாட்டு மத்திய அரசு இதனைத் தீங்கான களைகளின் பட்டியலிற் சேர்த்திருக்கின்றது. அனுமதிப் பத்திரமின்றிக் கொண்டுசெல்லலாகாது. நீர்நிலைகளில் பரவி ஓட்டத்தை அடைத்துவிடும் என்பது அவர்களின் அச்சம். 1939 இலே இந்நாட்டுக்கு வந்த சல்வீனியா நம் குளங்களையும் வயல்களையும் என்ன பாடுபடுத்திற்று என்பதை அறிந்த நாம் அவ்வச்சத்தை நகைக்க இயலாது.

ஆவணியிலே பாத்தி கொத்துமுன் விதையைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். பத்து விதையை எண்ணி எடுத்து, ஊறவைத்து, ஈரத்துணியிலே சுற்றி ஒரு கோப்பையில் வைத்து, துணி உலராமற் பார்த்து, ஏழாம் நாள் விரித்துப் பார்க்கலாம். எட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்க. ஐந்தாயின் இருமடங்கு தூவுக. இரண்டோ மூன்றோதான் எனின், வேலியோரம் சென்று அயல் வீட்டாரைக் கூப்பிட வேண்டியதே. மாசியிற் கொடுத்துவைத்த பிடியை அவர்கள் கறிக்குப் போடாமல் வைத்திருப்பார்கள்.